ஸெலியின் குரல்

அமெரிக்க மாது ஆலிஸ் வாக்கர் 1982-ல் எழுதி, மறுவருஷம் புலிட்ஸர் பரிசு பெற்ற ‘தி கலர் பர்ப்பிள்’ நாவல், 2005-ல் நியூயார்க் பிராட்வேயில் சங்கீத நாடகமாக அரங்கேறிற்று. ஜார்ஜியா மாகாணத்துக் கறுப்பினப் பெண் ஸெலி, பெற்ற மக்களைப் பறிகொடுத்தவள். புருஷனிடம் அடியும் உதையும் பட்டவள். கேட்பார் வேறின்மையால் கடவுளுக்குக் கடிதம் எழுதுகிறாள். அவளுடைய சுதந்திரம் சட்டசபையில் பிறக்கவில்லை. கால்சட்டை தைத்து விற்ற ஊசிமுனையில் பிறந்தது! இத்துயரத்தைப் பாட்டும் கூத்துமாக்கலாமா? வாயடக்கப்பட்டவள் சபை நடுவே வாய்விட்டுப் பாடுவதை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. கறுப்பின ஆடவரை இக்கதை இழிவுபடுத்துகிறதென்று அவர்களுள்ளேயே கண்டனம் எழுந்ததுண்டு. அந்த மனவருத்தம் நமக்கு விளங்காமலில்லை. ஆயினும், வெள்ளையர் அநீதியை எதிர்ப்போர் தம் வீட்டு அநீதியை மறைக்க வேண்டுமென்பது என்ன நியாயம்? அக்கண்டனத்தால் நாடகம் முடங்கவில்லை. 2015-ல் ஆடம்பரமின்றி மீண்டும் மேடையேறியது. ஸெலியாக நடித்த ஸிந்தியா எரிவோ மறுவருஷம் டோனி விருது பெற்றார்.