புகையை மோப்பம் பிடிக்கும் பீங்கான்

குன்றத்தூரைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனால் காரும் மோட்டார் சைக்கிளும் வரிசையாகத் தயாராகி வெளிவருவதைப் பார்க்கலாம். அந்த வண்டிகளின் புகைக்குழாயில் விரல் நீளத்தில் ஒரு சென்சார் ஒளிந்திருக்கிறது.

அதனுள்ளே சிர்கோனியா என்ற பீங்கான். இருபுறமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடேறியதும் ஆக்சிஜன் அயனிகள் பீங்கானுக்குள் நகர, மின்னழுத்தம் பிறக்கிறது. பெட்ரோல் அதிகமாகப் போனால் ஏறத்தாழ 0.9 வோல்ட், குறைந்தால் 0.1 வோல்ட். அதைப் படித்து, வண்டியிலுள்ள கணினி பெட்ரோலின் அளவை உடனே திருத்துகிறது. எவ்வளவு அருமையான ஏற்பாடு!

வீட்டில் ரத்தச் சர்க்கரை அளக்கும் கருவியும், வேதிவினையை மின் குறிப்பாக மாற்றுவதால், இதற்கு உறவுதான். அதன் பட்டையில் பீங்கானுக்குப் பதில் ஒரு நொதி இருக்கிறது. அதனால் அது பயோசென்சார். அமெரிக்கரான லேலண்ட் கிளார்க் 1962-இல் தந்த யோசனை அது.

2020 ஏப்ரலில் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்-6 விதி வந்தபின், பெரும்பாலான பெட்ரோல் மோட்டார் சைக்கிள்களுக்கும் புகைக்குழாய் சென்சார் இன்றியமையாததாகிவிட்டது. வண்டி ஓடும்போது மஞ்சள் எஞ்சின் விளக்கு அணையாமல் எரிந்தால், இந்தச் சென்சார் பழுதாகியிருக்கலாம்; தள்ளிப்போடாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.