சூடேறினால் பாடும் வால்வு

மாணவர்களே! கிதார் கலையில் தேர்ந்த இசையமைப்பாளர் இளையராஜா, 1943-இல் கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். அவர் சிறுவராயிருந்த 1950-களில் திருவிழா மைக்செட்டுகளை முழங்க வைத்தவை வால்வுப் பெருக்கிகளே. சுவிட்சைப் போட்டவுடன் அவை பாடமாட்டா, சூடேற வேண்டும். ஏன்?

வால்வு, காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குமிழ். அதனுள் சூடான கேதோடு எலெக்ட்ரான்களை உமிழ்கிறது. சில நூறு வோல்ட் மின்னழுத்தமுள்ள தகடு அவற்றைக் கவர்கிறது. அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் 1906-இல் இடையே புகுத்திய கிரிட் என்னும் கம்பி வலை, நம் பெரியாற்று வாய்க்கால் மதகு போன்றது. கிதாரிலிருந்து வரும் சிறு மின்சைகை மதகை அசைக்க, பெரிய எலெக்ட்ரான் ஓட்டம் கூடிக் குறைகிறது.

1947-இல் வந்த டிரான்சிஸ்டர் சிறியது; சூடேறக் காத்திருக்க வேண்டாம். இருந்தும் கிதார்க் கலைஞர்கள் பலர் கனமான வால்வுப் பெட்டியை இன்றும் விடவில்லை. தந்தியை ஓங்கி மீட்டினால் அலையின் முகடு பெருக்கியின் எல்லையை மீறும். டிரான்சிஸ்டர்ச் சுற்று பெரும்பாலும் முகட்டைக் கத்தியால் சீவியதுபோல் வெட்டும். வால்வு சிறிது சிறிதாக மழுக்கும். அப்போது சேரும் மேற்சுரங்கள் ஒலிக்குத் தடிப்பும் கனிவும் தருகின்றன. மெல்ல மீட்டினால் ஒலி மீண்டும் தெளிகிறது. மைக்செட்டில் பேச்சைக் குழப்பும் அதே திரிபு, கிதாரில் இசையாகிறது!

பழைய வால்வுப் பெட்டி கிடைத்தால் திறந்துவிடாதீர்கள். மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகளில் உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.