தட்டுப்பாடு கற்பித்த கணக்கு

வகுப்பிலே மாணவரை நோக்கி இடையிடையே நான் வினாவுவது ஒன்றுண்டு. "உங்கள் வீட்டில் ஒரு மாதத்துக்கு எவ்வளவு அரிசி செலவாகிறது?" பரீட்சைக்குரிய வினா அன்று என்பதை உணர்ந்ததும் அவர்கள் முகங்களில் ஒரு மலர்ச்சி தோன்றும், விடைதான் தோன்றுவதில்லை. இணைந்த கணிதத்திலே கடினமான கணக்குகளை நொடியில் அவிழ்க்கும் பிள்ளைகள், தங்கள் வீட்டு அரிசிப் பானையின் கணக்கை அறியார். "அம்மாவுக்குத் தெரியும், சேர்" என்பதே பெரும்பாலும் வரும் மறுமொழி.

அம்மாவுக்குத் தெரியும் என்பது மெய்யே. ஆனால் அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருப்பது ஒரு குடும்பத்துக்கு நல்லதா என்பதையே இங்கு வாசகர்களோடு சிறிது ஆராய விரும்புகின்றேன். நூல்களைக் கொண்டு இதனை எழுதவில்லை. என் இளமைக் காலம் எனக்குக் கற்பித்ததைக் கொண்டே எழுதுகின்றேன்.

1990ஆம் ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டபொழுது எனக்குப் பத்து வயது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, பசளை முதலிய பொருள்கள் தடைசெய்யப்பட்டன. மண்ணெண்ணெய் அருமைப் பண்டமாயிற்று. அதன் பின்னர் பல்லாண்டுகள், எங்கள் வயதொத்த பிள்ளைகள் மின்விளக்கின் கீழ் ஒரு வரிதானும் படித்தறியாமலே வளர்ந்தோம்.

அக்காலத்தில் வீடுதோறும் எரிந்தது போத்தல் விளக்கு. ஜாம் வந்த வெறும் போத்தலொன்றின் அடியிலே சிறிது பஞ்சை இட்டு, அது நனையுமளவுக்கு மண்ணெண்ணெய் விடுவர். துவிச்சக்கர வண்டி ரியூபின் வால்விலே நூல்திரியைக் கோத்து, அதனை ஒரு கம்பியாற் பிணைத்துப் போத்தலின் வாயிலே கொழுவி உள்ளே இறக்குவர். திரியின் கீழ்நுனி பஞ்சிலே படியும். சுடர் போத்தலுக்குள்ளேயே நிற்கும். காற்றுக்கு இலகுவில் அணையாது. எண்ணெயைப் பஞ்சு பிடித்துக்கொள்வதால் தட்டுப்பட்டுச் சரிந்தாலும் பெரிதாகச் சிந்தாது. சிமிளி விளக்கு ஓரிரவிற் குடிக்கும் எண்ணெயை இவ்விளக்குப் பல இரவுகளுக்கு வைத்து எரிக்கும். இதனை முதன்முதற் செய்தவர் எவரோ, அறியோம். எந்த ஆய்வுகூடமும் அதற்கு உரிமை கொண்டாடியதில்லை.

என் தாயார் அவ்விளக்குக்கு எண்ணெயை ஊற்றியதை நான் கண்டதில்லை. தேக்கரண்டியால் அளந்தே விடுவார். இத்தனை கரண்டிக்கு இத்தனை மணித்தியாலம் என்பது அவருக்கு மனப்பாடம். ஆதலால் விளக்கு மங்கத் தொடங்கும்போது எங்கள் படிப்பும் முடியும் தறுவாயில் இருக்கும். இருக்கும் எண்ணெயை வைத்து எந்த நாள் மட்டும் சமாளிக்கலாம் என்று எவராவது கேட்டால், போத்தலைத் தூக்கி வெளிச்சத்திற் பார்க்காமலே விடை சொல்லுவார்.

இந்த அறிவின் பயன் வெறும் சேமிப்பு மட்டுமே என்று கருதியிருந்த எனக்கு, ஒருநாள் நிகழ்ந்தது வேறொன்றைக் காட்டியது. பரீட்சைக்குப் படிக்கும் மகனை உடைய அயல்வீட்டு அம்மா ஒருவர், மாலை நேரத்தில் வெறும் போத்தலோடு வேலியோரம் வந்து நின்றார். தாயார் உள்ளே சென்று, எங்களிடம் இருந்ததிற் பாதியை வார்த்துக் கொடுத்தார். எனக்கும் தமக்கையாருக்கும் அது பெருந் திகைப்பை விளைத்தது. அவர் சொன்னது இவ்வளவே: "எங்களுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் காணும், தம்பி. அதுக்குள்ளை சங்கக்கடையிலை குடுப்பினம்."

இதனைப் பலகாலம் சிந்தித்திருக்கின்றேன். தமக்கு எவ்வளவு தேவை என்பதைச் சரியாக அறிந்தவராதலின், எவ்வளவு கொடுக்கலாம் என்பதையும் அவர் அறிந்திருந்தார். தேவையின் அளவை அறியாதவனுக்கோ எவ்வளவு இருந்தாலும் போதாது. அவனுடைய அச்சத்துக்கு எல்லையில்லை. பதுக்கல் என்னும் தீமையைப் பேராசையின் விளைவென்றே பலரும் கூறுவர். வியாபாரிகள் விடயத்தில் அது சரியாகலாம். சாதாரண வீடுகளிலே நிகழும் பதுக்கலுக்கு வேர், கணக்கறியாத பயமே என்பது என் எண்ணம்.

விளக்கைப் போலவே கிணறும் எங்களுக்கு ஆசிரியராயிற்று. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை என்பதை அனைவரும் அறிவர். சுண்ணக்கற் பாறைக்குள் இறங்கும் மாரி மழைநீரே எங்கள் செல்வம். அந்நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும். எரிபொருள் இன்றி நீரிறைக்கும் இயந்திரங்கள் உறங்கிய அந்நாள்களில், துலாவும் வாளியும் கயிறுமே துணை. பத்து வாளியில் முழுகுவதா, ஆறு வாளியில் முழுகுவதா என்பதைத் தோள்மூட்டே தீர்மானித்தது. இன்று ஆழியைத் திறந்தால் நீர் வருகிறது. எவ்வளவு வந்தது என்பதைச் சொல்ல நம் உடம்பில் ஓர் உறுப்பும் இல்லை.

அக்காலத்து நிகழ்ச்சிகளுள் நகைப்புக்குரியனவும் பல. கவிழ்த்து நிறுத்திய துவிச்சக்கர வண்டியின் பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தில் வானொலி கேட்டோம். ஒருவர் மாறி ஒருவர் சுற்றவேண்டும். கை ஓய்ந்தால் இலண்டனும் ஓய்ந்துவிடும். சவர்க்காரத்துக்குத் தட்டுப்பாடு வந்தபொழுது பனம்பழக் களியால் உடுப்புத் துவைத்தனர். அழுக்கு நன்றாகவே போயிற்று. கொடியிற் காயும் சட்டையின் மணத்துக்கு மயங்கிப் பசுமாடு வந்து சப்பிவிடும் என்பதுதான் அதிலிருந்த இடையூறு. அரை வேட்டியை மாட்டிடம் இழந்த பெரியவர்கள் எங்கள் ஊரில் இருந்தனர்.

இவற்றைக் கேட்கும் இளைஞர் சிலர், "அந்தக் காலம் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!" என்று வியப்பதுண்டு. அவ்வியப்பை நான் உடனே தடுத்துவிடுவேன். போதிய மருந்தின்றி மக்கள் வருந்திய காலம் அது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவிற் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி மழையில் நடந்த காலமும் அது. வீட்டிலுள்ள பொருள்களுள் எதனை எடுப்பது, எதனை விடுவது என்று தீர்மானிக்க எங்களுக்குக் கிடைத்தது சில நாழிகையே. தாயார் எடுத்தவை: பிறப்புச் சான்றிதழ்கள், அரிசி, உப்பு, தீப்பெட்டி, ஒரு சருவச்சட்டி, அரிசி அளக்கும் சுண்டு. அந்தச் சுண்டு எதற்கு என்று தந்தையார் வினவினார். "நாளைக்கு அளந்துதானே போடவேணும்" என்பது விடை. அடுத்த ஆண்டு சித்திரை கழிந்து நாங்கள் வீடு திரும்பும்வரை, பிறர் வீட்டு விறாந்தையில் எங்கள் ஐவரையும் அந்தச் சுண்டே காத்தது.

'சிக்கனம்' என்ற சொல்லை இதுவரை நான் வேண்டுமென்றே தவிர்த்து வந்திருக்கின்றேன். அச்சொல் இருப்பவரால் இல்லாதவருக்கு உபதேசிக்கப்படுவது. நான் கூற வருவது வேறு. அதனைக் கூறுவதற்குச் சற்றுத் தயக்கமாகவும் இருக்கின்றது.

எங்கள் வீட்டுக் கணக்கு எப்பொழுதும் சரிவந்தது. அரிசி குறைந்த நாளிலும் பிள்ளைகளின் கோப்பைகள் குறைந்ததில்லை. தந்தையாரின் கோப்பையும் குறைந்ததில்லை. ஈவு சரியாயிருக்க, மீதி மட்டும் எங்கே மறைந்தது? எல்லோரும் உண்டெழுந்த பின்னர், அடுப்படியில், பானையின் அடியில் எஞ்சியதைக் கொண்டு அந்தக் கணக்கு முடிக்கப்பட்டது. அவருக்கு மட்டுமே அளவு தெரிந்திருந்தது. ஆதலால் குறைவும் அவருக்கு மட்டுமே உரியதாயிற்று. வீட்டிலுள்ள ஐவருக்கும் அளவு தெரிந்திருக்குமாயின், குறைவையும் ஐவரும் பங்கிட்டிருப்போம். தாய்மையின் தியாகம் என்று இதனைப் போற்றிப் பேசும் வழக்கம் நம்மிடையே உண்டு. மேடைப் பேச்சுக்கு அது பொருந்தும். ஆயினும் அந்தத் தியாகத்தை உண்டாக்கியதில், வீட்டுக் கணக்கைப் பெண்ணின் தலையிற் சுமத்திவிட்டுத் தெரியாதிருக்கும் நம் வழக்கத்துக்கும் பங்குண்டன்றோ?

இது எங்கள் தலைமுறைக்கு மட்டும் உரிய கதையன்று. 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்த அரிசி நின்று, இலங்கையிற் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. அக்காலத்து அளவுகளைப் பாட்டியார் இறக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1970இன் பின்னர் வந்த இறக்குமதிக் கட்டுப்பாட்டில் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட எங்கள் தோட்டக்காரர் செழித்தனர். அதே காலத்திற் பாணுக்கு வரிசையில் நின்றவர்களும் உளர். சராசரியாகத் தலைமுறைக்கு ஒருமுறை இந்நாட்டுக்கு ஒரு தட்டுப்பாடு வருகின்றது போலும்.

2022ஆம் ஆண்டு வந்ததை எவரும் மறந்திரார். மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. ஏப்பிரில் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களை மீளச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. அம்மாதத்திலேயே 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டரின் விலை 4,860 ரூபாவாயிற்று. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் தாவியது. கடற்றொழிலாளர் படகுகள் கரையிற் கிடந்தன.

அவ்வேளையில் அறிந்தோர் ஒருவர், நகையை அடகுவைத்து மூன்று சிலிண்டர்களை வாங்கி அடுக்கினார். அவை எத்தனை மாதத்துக்குப் போதும் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. ஒரு சிலிண்டர் முன்னர் எத்தனை நாள் எரிந்தது என்பதும் தெரியவில்லை. எங்கள் வீட்டிலே, சிலிண்டர் மாற்றும் திகதியை அடுப்படிக் கதவின் பின்புறத்தில் எழுதிவைக்கும் பழக்கத்தைத் தாயாரிடமிருந்து என் மனைவி கைக்கொண்டிருந்தார். வழக்கமாக 40 நாள் எரியும் என்பதைக் கதவே சொல்லிற்று. சோற்றையும் பருப்பையும் பொச்சுமட்டை, ஊமல், கங்குமட்டை கொண்டு முற்றத்து அடுப்பில் வேகவைத்தோம். தேநீருக்கும் தாளிதத்துக்கும் மட்டும் எரிவாயுவைப் பயன்படுத்தினோம். சிலிண்டர் 100 நாளைத் தாண்டியது. வரிசையில் நிற்கவில்லை, கடன்படவுமில்லை. எனினும் இதற்கும் ஒரு விலை உண்டு என்பதை மறைத்தல் கூடாது. புகையிலே இருமியவரும் விறகு பொறுக்கியவரும் யாவர் என்ற வினா எழவே, விறகு என் பொறுப்பாகவும் காலைச் சமையல் பிள்ளைகளோடு முறைவைத்துச் செய்வதாகவும் மாறியது.

அன்றுமுதல் அந்தக் கதவு எல்லோருக்கும் பொதுவாயிற்று. அரிசி வாங்கிய நாள், மின்மானியின் மாதாந்த எண், தேங்காயின் தொகை ஆகியவற்றை அதில் எழுதுகின்றோம். வாசகர்கள் முயன்று பார்க்க விரும்பினால், எல்லாவற்றையும் ஒரே நாளில் எழுதத் தொடங்கவேண்டாம். பத்தாம் நாள் சலிப்பு வந்துவிடும். முதலில் அரிசியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதும் வேலையை இல்லத்தரசியிடம் கொடாதீர்கள். அவருக்கு அது முன்னரே தெரியும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் கொடுங்கள். இரண்டு மாதம் சென்றபின், கையிலுள்ள அரிசி எந்த நாளில் முடியும் என்று அப்பிள்ளையே சொல்லும்.

உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கும் பிடியரிசி வழக்கம் பல வீடுகளில் இன்று நின்றுபோயிற்று. எங்கள் வீட்டுப் பிடியைத் தராசிலிட்டு நிறுத்தோம்: 45 கிராம். மாதத்துக்கு 1 கிலோ 350 கிராம். அதனை யாருக்குக் கொடுப்பது என்பதும் கதவின்முன் நின்றே தீர்மானிக்கப்படுகின்றது.

சென்ற மாதம் எங்கள் அரிசி இரண்டு நாள் முன்னதாகவே முடிந்தது. ஏன் என்று நால்வரும் இருந்து பார்த்தோம். விருந்தினர் வந்து தங்கிய நாள்களை மகன் எழுதாமல் விட்டிருந்தான்.