தேடி வருகிறவர்

முப்பது வருஷம் தமிழாசிரியராக உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவர், மொட்டைமாடியில் செடி வளர்த்து வளர்த்துத் தாம் கண்டுகொண்ட விஷயங்களையெல்லாம் ஓர் இணையதளத்தில் கட்டுரைகளாக எழுதி வரத் தொடங்கினார். எழுத்தில் சந்திப்பிழை ஒன்றுகூடக் காண முடியாது. விஷயமோ, கையில் மண் ஒட்டியவரால் மட்டுமே சொல்லக்கூடியது. அப்படியிருந்தும் நான்கு மாதம் கழித்து நான் பார்க்கப் போனபோது, "மொத்தம் மூன்று பேர் படிக்கிறார்கள், ஸார். ஒருவன் என் பிள்ளை, இன்னொருவர் நீங்கள், மூன்றாவது ஆசாமி யாரென்று சிரமப்பட்டு விசாரித்தால், அது நானேதான்!" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

அன்று மாலை காபி ஆறுவதற்குள் காரணம் ஒருவாறு புலப்பட்டுவிட்டது. செம்பருத்திச் செடியைப் பிடிக்கும் மாவுப்பூச்சியைப் பற்றி அவர் எழுதியிருந்த கட்டுரைதான் இருப்பவற்றுள் சிறந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கூடவே துளி சோப்புக் கரைசல், அதை வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்புறத்தில் படும்படி தெளிக்க வேண்டும் என்பது வரையில் எல்லாம் அதில் இருந்தது. ஆனால் தலைப்பு 'வெண்பஞ்சு வேதனை'. கட்டுரைக்குள் போனாலோ செம்பருத்தி என்ற பெயர் ஓரிடத்திலும் இல்லை. 'செம்மலர்ச் செல்வி' என்றே முதலிலிருந்து கடைசிவரை வருகிறது. மாவுப்பூச்சி என்ற வார்த்தை ஒன்பதாவது பத்தியில் ஒரே ஒரு தடவை எட்டிப் பார்க்கிறது. நான் கைபேசியை எடுத்துக் கூகுள் தேடுபெட்டியில் 'செம்பருத்தி' என்று தட்டிவிட்டு நிறுத்தினேன். மேலே என்ன தட்டப் போகிறோம் என்று அதுவே ஊகித்து, கீழே வரிசையாகக் காட்டிற்று. 'செம்பருத்தி செடியில் வெள்ளை பூச்சி' என்பது அவற்றில் ஒன்று. "ஒற்றுகூடப் போடாமல் எழுதியிருக்கிறார்களே!" என்று நண்பர் முகம் சுளித்தார். போடாமல் எழுதுகிறவர்களுக்குத்தானே செடி வாடிக்கொண்டிருக்கிறது?

தேடுபொறி என்பதை ஏதோ மாயவித்தை என்று சாமானியர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உ. வே. சாமிநாதையர் தாம் பதிப்பித்த பழைய நூல்களின் இறுதியில் அரும்பத அகராதி சேர்த்தாரே, இன்ன சொல் இன்ன இடத்தில் வருகிறது என்று, அந்தக் காரியத்தைத்தான் அது இணையம் முழுவதற்கும் செய்கிறது. அதன் நிரல்கள் ஒரு பக்கத்திலுள்ள சுட்டியைப் பிடித்துக்கொண்டு மறு பக்கத்துக்கும், அங்கிருந்து வேறொன்றுக்குமாக இரவு பகல் சஞ்சரித்து, கண்ட சொற்களையெல்லாம் ஓர் அடைவில் குறித்து வைக்கின்றன. நாம் எதையாவது தட்டிக் கேட்கும்போது அது உலகத்தைத் தேடுவதில்லை, ஏற்கெனவே எழுதி வைத்த அந்த அடைவைத்தான் புரட்டுகிறது. ஆகையால், வேறு எந்தத் தளத்திலிருந்தும் சுட்டி இல்லாத புதிய தளம் பாதை போடாத வயல் நடுவில் கட்டிய வீடு போன்றது. தபால்காரர் வரவே நாளாகும். தளத்திலுள்ள பக்கங்களின் பட்டியலைக் கூகுளின் 'சர்ச் கன்சோல்' என்ற இலவச வசதியின் மூலம் நாமே சமர்ப்பித்துவிட்டால் அந்தத் தாமதம் குறையும்.

அடைவில் ஒரே சொல்லுக்கு ஆயிரம் பக்கங்கள் இருந்தால் எதை முன்னே வைப்பது என்பது அடுத்த பிரச்சினை. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரினும் 1998இல் இதற்குக் கண்டு வெளியிட்ட உபாயம் மிகவும் எளிமையானது: ஒரு பக்கத்தைச் சுட்டிக்காட்டும் மற்றப் பக்கங்களை அதற்கான சாட்சிகளாகப் பாவிப்பது, அந்தச் சாட்சிகளிலும், தாமே பலரால் சுட்டப்படுகிற கனமான சாட்சிக்கு அதிக மதிப்புக் கொடுப்பது. விஞ்ஞான ஏடுகளில் யாரை யார் மேற்கோள் காட்டுகிறார் என்று எண்ணிப் பார்க்கும் வழக்கம் அதற்கு முன்பே உண்டு. இன்றைக்கு எத்தனையோ வேறு அம்சங்களும் கணக்கில் சேர்ந்துவிட்டன என்றாலும், நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்வதைவிடப் பிறர் சொல்வதற்கு மதிப்பு அதிகம் என்ற அந்த ஆதி நியாயம் போய்விடவில்லை.

இந்த இடத்தில் எனக்கு எஸ். ஆர். ரங்கநாதனின் ஞாபகம் வருகிறது. சீர்காழியில் பிறந்து, கணிதப் பேராசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற அவர், 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது. வாசகருக்குப் புத்தகம் வேண்டும் என்பது யாருக்கும் தெரிந்த சங்கதி. புத்தகத்துக்கு வாசகர் வேண்டும் என்று திருப்பிச் சொன்னதில்தான் அவருடைய விசேஷம் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை அலமாரியில் பூட்டி வைக்காமல் கையெட்டும்படி வைப்பதும், தேடுகிறவர் எந்தப் பெயரால் தேடுவாரோ அந்தப் பெயரின் கீழ் அட்டவணையில் பதிவதும் நூலகரின் கடமையென்று அவர் வற்புறுத்தினார். இணையத்தில் எழுதுகிறவருக்குத் தனியாக நூலகர் யாரும் இல்லை. ஆசிரியரே எழுதி முடித்த கையோடு எழுந்து, எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து, அட்டவணைச் சீட்டையும் எழுத வேண்டியிருக்கிறது. தலைப்பு என்பது அந்தச் சீட்டு. என் நண்பர் அதைக் கவிதை என்று எண்ணிவிட்டார்.

அதே 1931இல்தான் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகும் நடமாடும் நூலகமும் புறப்பட்டது. நம் காலத்து வண்டி வாட்ஸ்அப். உறவினருக்கும் பழைய மாணவர்களுக்கும் கட்டுரையின் சுட்டியை அனுப்பினால் அன்றைக்கு நாற்பது பேர் வருவார்கள், மறுநாள் ஒருவரும் வரமாட்டார்கள். வண்டி அடுத்த ஊருக்குப் போய்விட்டது. தேடி வருகிறவரோ, பூச்சி பிடித்த அன்றைக்கு, அது இந்த வருஷமானாலும் நான்கு வருஷம் கழித்தானாலும், தம் தேவையோடு தாமே வந்து கதவைத் தட்டுகிறார். வண்டியும் வேண்டியதுதான், முதல் சாட்சிகள் அப்படித்தான் கிடைக்கின்றன. ஆனால் அதையே நம்பியிருக்க முடியாது.

தமிழில் எழுதுகிறவருக்கு வேறு சில கஷ்டங்களும் உண்டு. ஒரு காலத்தில் தளத்துக்கு ஒரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியீட்டு முறை என்று இருந்தபடியால், ஓரிடத்துத் 'தமிழ்' இன்னோரிடத்தில் வெறும் கிறுக்கலாகத் தெரிந்தது. இயந்திரத்துக்கும் அது கிறுக்கல்தான். யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறை பரவிய பிறகே அந்த அவஸ்தை தீர்ந்தது. தீர்ந்ததென்று சொல்கிறேனே தவிர, இன்றும் பல பேர் கட்டுரையை அழகான பூக்கரை போட்ட படமாக்கி வெளியிடுகிறார்கள். கண்ணுக்குக் குளிர்ச்சி, சந்தேகமில்லை. ஆனால் படத்துக்குள் அகப்பட்ட எழுத்து அந்த அடைவில் ஏறும் என்று நம்புவதற்கில்லை. தவிர, நம் பாஷையில் பெயர்ச்சொல் வேற்றுமை உருபை ஏற்று உருமாறிக்கொண்டே இருக்கிறது: செடி, செடியை, செடிக்கு, செடியில். ஒரே பூவைச் செம்பருத்தி என்பார் ஒருவர், செம்பரத்தை என்பார் மற்றொருவர். தமிழ் வார்த்தையை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறவர்கள் வேறு. இவற்றையெல்லாம் இயந்திரம் ஓரளவு அநுமானித்துக்கொள்கிறது. முழுவதும் அதன் தலையில் போடாமல், கட்டுரையின் போக்கிலேயே 'சில ஊர்களில் செம்பரத்தை என்றும் சொல்வார்கள்' என்று ஒரு வாக்கியம் எழுதிவிடுவது வாசகருக்கும் உபகாரம், இயந்திரத்துக்கும் உபகாரம்.

இந்த உபகாரத்தை மிதமிஞ்சிச் செய்தவர்களும் உண்டு. வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தால் ஒரே சொல்லை நூறு தடவை எழுதி ஒளித்து வைத்தார்கள்; காசு கொடுத்துப் பொய்ச் சாட்சிகளாகச் சுட்டிகளை வாங்கினார்கள். 2011இல் பாண்டா என்றும் 2012இல் பெங்குவின் என்றும் பெயர் சூட்டிக் கூகுள் தன் முறைகளைத் திருத்தியபோது, அப்படிப்பட்ட தளங்கள் பல ஒரே இரவில் பின்வரிசைக்குப் போயின. இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஜனங்களை வரவழைக்கும் சாதுரியமே கூடாது என்று சொல்கிற தூய்மைவாதிகளின் கட்சியிலும் நான் இல்லை. எஸ். எஸ். வாசன் 1928இல் ஆனந்த விகடனை வாங்கி நடத்தத் தொடங்கிய பிறகு, குறுக்கெழுத்துப் போட்டியைப் பார்த்து வந்த வாசகர்கள் எத்தனையோ பேர். வந்தவர்களை உட்கார வைத்தது கல்கியின் எழுத்து. 1933இல் தோன்றிய மணிக்கொடிப் பத்திரிகையில் எழுத்துக்குக் குறைவில்லை. வாசகர் தொகைதான் குறைவு. இலக்கிய சரித்திரத்தில் மணிக்கொடிக்கு உள்ள ஸ்தானம் எனக்குத் தெரியாததல்ல. ஆயினும் அச்சுக்கூடத்துக்குப் பணம் கட்ட வேண்டியவருக்கு அந்த ஸ்தானம் அப்போது என்ன ஆறுதல் அளித்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

நண்பர் இரண்டு நாள் மௌனமாக இருந்தார். மூன்றாம் நாள் தலைப்பை 'செம்பருத்திச் செடியில் மாவுப்பூச்சி: போக்குவது எப்படி?' என்று மாற்றினார். ஒற்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. 'வெண்பஞ்சு வேதனை' கட்டுரையின் நடுவே ஒரு சிறு தலைப்பாக இடம் மாறிற்று. பூச்சி அப்பிய கிளையின் படங்களைக் கைபேசியில் சீக்கிரம் திறக்கும்படி சிறிதாக்கினார். ஒரு நர்சரிக்காரர் தம் தளத்தில் இந்தக் கட்டுரையைச் சுட்டினார். வாரங்கள் கழிந்தன, முதலில் ஒன்றும் நடக்கவில்லை, பிறகு தெரியாத ஊர்களிலிருந்து ஒருவர் இருவராக வரத் தொடங்கினார்கள். 2024 முதல் கூகுள் பல கேள்விகளுக்குத் தானே ஒரு விடையைத் தொகுத்து மேலே போட்டுவிடுகிறபடியால், அதைப் படித்தவுடனே திரும்பிவிடுகிறவர்களும் உண்டு. அவர்களை இழுத்துப் பிடிக்க ஒரு வழியும் எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் அவர் என்னை அழைத்து அந்த சர்ச் கன்சோலின் ஒரு பக்கத்தைக் காட்டினார். ஜனங்கள் என்னென்ன வார்த்தைகளைத் தட்டியபோது தம் தளம் கண்ணில் பட்டது என்ற ஜாபிதா அது. நடுவில் ஒரு வரி: 'செம்பருத்தி மொட்டு கொட்டுது ஏன்'. "இதைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லையே, ஸார். கேட்டுவிட்டு வெறுங்கையோடு போயிருக்கிறார்களே!" என்றார், வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் காபி கொடுக்காமல் அனுப்பிவிட்ட குரலில். மறுநாள் காலை நான் போனபோது அவர் கீழே இல்லை. மாடியில், தொட்டியடியில் குந்தி உட்கார்ந்து, இரவில் உதிர்ந்த மொட்டுக்களை ஒவ்வொன்றாக நகத்தால் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.