போனில் உருளும் பகடை: ஆறு ஏன் விழ மாட்டேன் என்கிறது?

பதுளையிலிருந்து பசறைக்கோ பண்டாரவளைக்கோ போகும் பஸ்ஸில் பின் சீட்டுகளைக் கொஞ்சம் கவனித்தால் போதும். இரண்டு மூன்று பேர் ஒரே போனைக் கைமாற்றிக் கைமாற்றி ஆடிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் லூடோ. சில வேளை எழுத்துகளைக் கோத்துச் சொல் அமைக்கும் ஆட்டம். தோட்டத்து லயங்களிலும் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, இராச் சாப்பாடு முடிந்த பிறகு இதே காட்சிதான். கூடவே ஒரு முறைப்பாடும் கேட்கும்: "அவனுக்கு மட்டும் ஆறு ஆறா விழுது, எனக்கு ஒண்ணுமே இல்ல. இந்த ஆப் கள்ள ஆப்!"

இந்த முறைப்பாட்டில் உண்மை உண்டா? தமிழில் நல்ல சொல்லாட்டம் ஏன் அரிதாகக் கிடைக்கிறது? இலவச ஆட்டத்துக்கு நாம் எதைக் கொடுக்கிறோம்? விளையாட்டு எந்த இடத்தில் சூதாகிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பழைய ஆட்டம், புதிய பலகை

லூடோ வெள்ளைக்காரர் கண்டுபிடித்த ஆட்டமல்ல. இந்தியாவின் பச்சீசியைச் சுருக்கி, சோழிக்குப் பதில் ஆறுபக்கப் பகடையை வைத்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார்கள். அதன் நெருங்கிய உறவுதான் தமிழ்நாட்டின் தாயம். தாயக்கட்டையும் பல்லாங்குழியும் ஆடிய ஊர்களிலிருந்து கோப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் வந்தவர்களின் வழித்தோன்றல்களே இன்று ஊவா மலைத் தோட்டங்களில் வாழ்கிறார்கள். பித்தளைக் கட்டை இல்லாத வீட்டில் புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளையாகும்வரை கல்லில் உரசி உருட்டுவது தமிழ்நாட்டுக் கிராமத்து வழக்கம்.

அயலில் உள்ள சிங்களக் கிராமங்களில் சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் சோழி குலுக்கிப் 'பஞ்ச' ஆடுவார்கள். ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியிட்ட 'பண்டைய இலங்கை' என்ற ஆங்கில நூலில் இத்தகைய நாட்டு விளையாட்டுகளை விரிவாகவே எழுதியிருக்கிறார். சோழி, கட்டை, பகடை என்று கருவி மாறினாலும், விழுந்த எண்ணுக்குக் காயை நகர்த்தி எதிராளியை வெட்டிப் பழத்துக்குப் போகும் ஆட்டம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

போனில் அதைப் பரப்பியதில் பெரும் பங்கு நவி மும்பையில் இயங்கும் கேமிஷன் நிறுவனத்தின் 'லூடோ கிங்' செயலிக்கு உண்டு. 2016இல் வெளிவந்த அது, 2020இல் கொரோனா முடக்கத்தின்போது வீடு வீடாகப் புகுந்தது. இலங்கையில் அந்த மார்ச் மாதம் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் போயின. பிள்ளையின் பாடத்துக்காகவே கடன்பட்டு ஸ்மார்ட்போன் வாங்கிய குடும்பங்கள் தோட்டங்களில் ஏராளம்.

போன் வந்தாலும் சிக்னல் வந்துவிடவில்லை. பதுளை மாவட்டத்தின் மீகஹகிவுல பகுதியில் உள்ள போஹிட்டியாவ கிராமத்தில், இணையம் பிடிப்பதற்காகப் பிள்ளைகளும் ஆசிரியரும் காட்டு வழியே 3 கிலோமீற்றருக்கு மேல் ஏறி மலையுச்சிக்குப் போனது 2021இல் உலகச் செய்தியானது. லூடோவும் சொல்லாட்டமும் இங்கே நிலைத்ததற்கான காரணமும் இதுதான். ஒருமுறை இறக்கிவிட்டால் சிக்னல் தேவையில்லை. ஒரு போனை நாலு பேர் மாற்றி மாற்றி ஆடலாம். வேகமான, விலையுயர்ந்த போனும் வேண்டாம்.

பகடையை உருட்டுவது யார்?

திரையில் உருளும் பகடை வெறும் படம். நீங்கள் விரலை வைத்த அந்த நொடியிலேயே எண் முடிவாகிவிடும். உருள்வதெல்லாம் அதன் பிறகு காட்டப்படும் வேடிக்கை. எண்ணைத் தீர்மானிப்பது ஒரு கணிதச் சூத்திரம். போன் தன் கடிகாரத்தின் மில்லி வினாடி போன்ற ஏதாவதொரு எண்ணைத் தொடக்கமாக எடுத்துக்கொண்டு, அதைப் பெருக்கியும் வெட்டியும் கலக்கியும் அடுத்தடுத்த எண்களை உண்டாக்கும். வெளியிலிருந்து பார்ப்பவரால் அந்த வரிசையை ஊகிக்க முடியாது. இணையத்தில் எதிராளியோடு ஆடும்போது இந்தக் கணக்கைப் பெரும்பாலும் நிறுவனத்தின் கணினி செய்யும். இணையமில்லாமல் ஆடும்போது உங்கள் போனே செய்யும்.

பகடை நேர்மையானது என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். சாதாரண தர மாணவர் படிக்கும் நிகழ்தகவுக் கணக்குதான். ஒரு உருட்டலில் ஆறு விழ ஆறில் ஒரு வாய்ப்பு, விழாமலிருக்க ஆறில் ஐந்து. பத்து முறை உருட்டியும் ஆறே விழாமலிருக்கும் வாய்ப்பு, ஆறில் ஐந்தைப் பத்துத் தடவை பெருக்கினால் வரும். அது ஏறக்குறைய 100க்கு 16. நாலு பேர் ஆடினால், அவர்களில் ஒருவராவது முதல் பத்து உருட்டலிலும் ஆறு காணாமல் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு 100க்கு 50ஐத் தாண்டுகிறது. அதாவது, நாலு பேர் ஆடும் இரண்டு ஆட்டத்தில் ஒன்றில் யாரோ ஒருவர் "கள்ள ஆப்" என்று கத்தியே தீருவார். பகடையில் எந்தக் கள்ளமும் இல்லாவிட்டாலும் இதுதான் நடக்கும்.

நம் தாயம் இதைவிடக் கடுமை. இரண்டு நீளக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம்: ஒன்று வெறுமை, மற்ற மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டையும் சேர்த்து உருட்டினால் 16 விதமாக விழும். காயை இறக்கத் தேவையான தாயம், அதாவது ஒன்று, அதில் இரண்டு விதத்தில்தான் வரும். எட்டில் ஒரு வாய்ப்பு. பத்து முறை உருட்டியும் தாயம் விழாத வாய்ப்பு 100க்கு 26. அடிக்கடி விழுவது மூன்று, 16இல் நான்கு விதம். இரண்டும் வெறுமையாக விழுந்து பன்னிரண்டு கிடைப்பது 16இல் ஒன்றே ஒன்று. தாயம் விழாமல் அரை மணி நேரம் காத்திருந்த பாட்டிமார் பித்தளைக் கட்டை மேல் சந்தேகப்படவில்லை, தங்கள் கைராசியைத்தான் நொந்துகொண்டார்கள்.

அப்படியானால் எந்தச் செயலியும் ஏமாற்றாதா? அப்படிச் சொல்லிவிட முடியாது. நினைத்தால் பகடையைச் சாய்த்து எழுத நிரலாளரால் முடியும். அதை வெளியிலிருந்து பார்க்க நம்மால் முடியாது. ஆனால் சோதிக்கலாம். கொப்பியும் பேனையும் எடுத்து, 600 உருட்டல்களில் எத்தனை ஆறு என்று குறித்து வாருங்கள். 100 வர வேண்டும். 82க்கும் 118க்கும் நடுவில் வந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. 60 என்றோ 150 என்றோ வந்தால் அந்தச் செயலியை அழித்துவிடலாம். நாலு மாணவர் பிரித்துக்கொண்டால் ஒரு வார விடுமுறைக்குள் முடிந்துவிடும். நிகழ்தகவுப் பாடத்துக்கு இதைவிட நல்ல செய்முறை கிடைக்காது.

பதுளைக்கு எத்தனை எழுத்து?

சொல்லாட்டத்தின் கதை வேறு. 1938இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ் வடிவமைத்த ஆட்டம் 1948இல் 'ஸ்கிராபிள்' என்ற பெயர் பெற்றது. ஜோஷ் வார்டில் என்ற நிரலாளர் உருவாக்கிய 'வேர்டில்' 2021 அக்டோபரில் பொதுமக்களுக்கு வந்தது. ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். சில மாதங்களுக்குள், 2022 ஜனவரியில், நியூயோர்க் டைம்ஸ் அதை விலைக்கு வாங்கியது. ஆங்கிலத்தில் 26 எழுத்து, ஒவ்வொன்றும் ஒரு கட்டம். அமைப்பவருக்குச் சிக்கலே இல்லை.

தமிழில்? பதுளை என்று எழுதிப் பாருங்கள். ப, து, ளை என மூன்று எழுத்து. பத்திரிகைக் குறுக்கெழுத்துப் போட்டியில் மூன்று கட்டம் போதும். ஆனால் போனுக்குள் அது ஐந்து குறியீடு: ப, த, உகரக் குறி, ள, ஐகாரக் குறி. தேயிலை நமக்கு மூன்று எழுத்து, போனுக்கு ஆறு. கொழுந்து நமக்கு நான்கு, போனுக்கு எட்டு. யூனிகோட் முறையில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாக இருப்பதால் வரும் வினை இது. தமிழறியாத நிரலாளர் ஆங்கில ஆட்டத்தை அப்படியே தமிழாக்கினால், கொம்பு ஒரு கட்டத்திலும் அதன் எழுத்து இன்னொரு கட்டத்திலும் போய் நிற்கும். சில செயலிகளில் எழுத்துகள் உடைந்து சிதறிக் கிடப்பது இதனால்தான்.

இதற்குத் தீர்வு இருக்கிறது. குறியீடுகளைக் கூட்டி முழு எழுத்தாக எண்ணித் தரும் 'ஓப்பன் தமிழ்' போன்ற திறந்த மூல நிரல் தொகுப்புகளை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். அதற்குப் பிறகும் ஆட்டத்தை வகுப்பவர் யோசிக்க வேண்டியது உண்டு. தமிழில் 247 எழுத்து. அத்தனையையும் விசைப்பலகையில் வைக்க முடியாது. விடை 'மலை' என்றிருக்க, ஆடுபவர் 'மாலை' என்று தேடினால் 'மா' சரியா, தப்பா? மெய் சரி, உயிர் தப்பு. சரிக்கு வேர்டில் காட்டும் பச்சைக்கும் தப்புக்குக் காட்டும் சாம்பலுக்கும் நடுவில் தமிழுக்கென்று இன்னொரு நிறம் வேண்டும். இதைத் தமிழ் தெரிந்தவர்தான் செய்ய முடியும். பதுளையில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலும் மற்ற இடங்களிலும் கணினி படிக்கும் மலையகப் பிள்ளைகளுக்குக் காத்திருக்கும் வேலை இது. பெரட்டு, கவ்வாத்து, மடுவம் போன்ற தோட்டத்துச் சொற்களையும் அகராதியில் சேர்த்து ஓர் ஆட்டம் வந்தால், சின்னப் பிள்ளையோடு தாத்தாவும் சேர்ந்து ஆடுவார்.

இலவசம் என்பதன் விலை

லூடோ ஆட்டத்துக்கு டேட்டா அதிகம் செலவாகாது. பகடை எண்ணும் காய் நகர்வும் சின்னஞ்சிறு தகவல்கள். டேட்டாவைத் தின்பது ஆட்டத்துக்கு ஆட்டம் இடையில் ஓடும் வீடியோ விளம்பரம். அந்த விளம்பரம்தான் செயலிக்கு வருமானம். டேட்டாவை அணைத்துவிட்டு ஆடினால் பெரும்பாலான விளம்பரங்கள் வராது, ரீலோட்டும் மிஞ்சும்.

அடுத்தது நாணயம். ஆட்டத்துக்குள் கிடைக்கும் 'கொயின்', 'டயமண்ட்' தீர்ந்ததும் காசு கொடுத்து வாங்கச் சொல்லும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் 1,350 ரூபாய் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் வருகைக் கொடுப்பனவோடு சேர்த்து அதை 1,750 ஆக்க முன்மொழியப்பட்டது. திரையில் மட்டும் மினுங்கும் நாணயத்துக்குப் பிள்ளை செலவழிக்கும் சில நூறு ரூபாய், தாய் மழையிலும் வெயிலிலும் கொழுந்து பறித்த அரை நாள். லூடோவுக்குக் கொயின் வாங்க வேண்டிய தேவையே இல்லை. கணினியோடும் வீட்டாரோடும் ஆட ஒரு சதமும் வேண்டாம்.

மூன்றாவது, அனுமதி. பகடை உருட்டும் செயலிக்கு உங்கள் தொடர்பு எண்களும் குறுஞ்செய்தியும் இருப்பிடமும் எதற்கு? கேட்டால் மறுத்துவிடுங்கள். ஆட்டம் நின்றுவிடாது. நின்றால், அந்தச் செயலியே வேண்டாம்.

சூது எங்கே தொடங்குகிறது?

கோடு தெளிவானது. ஆடுவதற்கு முன் காசு கட்ட வேண்டும், வென்றால் காசு வரும் என்றால் அது சூது. லூடோ என்று பெயர் இருந்தாலும் சூதுதான். இத்தகைய செயலிகள் விரிக்கும் வலை எல்லா ஊரிலும் ஒன்றே. முதல் சில ஆட்டத்தில் கொஞ்சம் வெல்ல விடுவார்கள். பிறகு தொகை ஏறும். விட்டதைப் பிடிக்கலாம் என்ற நினைப்பில் கையிருப்பு கரையும், கடைசியில் கடன் வரும்.

தமிழ்நாடு இதற்குப் பல உயிர்களை விலை கொடுத்தது. 2022இல் அங்கே இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் இயற்றப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஓகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்தது. இலங்கையில் 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம் எழுதப்பட்ட காலத்தில் போனும் இல்லை, இணையமும் இல்லை. 2025இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டம் இணையவழிச் சூதாட்டத்தையும் கண்காணிப்புக்குள் கொண்டுவர முனைகிறது. சட்டம் வேலை செய்யத் தொடங்கும்வரை வீடுதான் முதல் காவல்.

வீட்டில் செய்யக்கூடியவை

பிள்ளையின் கையிலிருந்து போனைப் பிடுங்குவதால் ஆட்டம் நிற்காது, ஒளிந்து ஆடத் தொடங்கும். அதைவிட நீங்களும் சேர்ந்து ஒரு ஆட்டம் ஆடுங்கள். எந்தச் செயலி, யாரோடு ஆட்டம், காசு கேட்கிறதா என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு கொள்வனவுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவையுங்கள். வங்கியிலிருந்தோ போன் நிறுவனத்திலிருந்தோ வரும் ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லக்கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். ஆட்டத்துக்குள் முகம் தெரியாதவர் படம் கேட்டாலோ மிரட்டினாலோ சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929ஐ அழையுங்கள். சூதில் காசை விட்டு மனம் உடைந்தவர் வீட்டில் இருந்தால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

ஒரு போனைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, ஆறு விழவில்லை என்று சண்டை போட்டுச் சிரித்து ஆடுவது நல்ல விளையாட்டு. அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆட முதலில் காசு போடச் சொல்லும் செயலியை மட்டும் அந்த நிமிடமே அழித்துவிடுங்கள்.