விரிசலின் நுனியில் ஒரு துளை

கொல்கத்தாவின் பாலிகஞ்ச் ஃபாரி சிக்னலில் நிற்கும் பழைய பைக்குகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். என்ஜின் சீராக ஓடிக்கொண்டிருக்கும். சைடு பேனலை மட்டும் கயிறோ, சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய வாரோ பிடித்துக்கொண்டிருக்கும். 1985-இல் சந்தைக்கு வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100, யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டிகளின் இரும்பு இன்னும் உழைக்கிறது. முதலில் கைவிடுவது பிளாஸ்டிக்தான்.

வாங்கிப் போடலாம் என்றால், வடக்கே மல்லிக் பஜாரில் கழற்றிய பழைய பாகங்கள் கிடைக்கின்றன. தேடிப் பேரம் பேசத் தெரிந்தவர்களுக்கு நல்ல இடம். ஆனால் உடைந்த பேனல் செத்துப்போன பொருள் அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அது எந்த இனத்துப் பிளாஸ்டிக் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பேனலைத் திருப்பி உட்புறத்தைத் துடைத்தால், ஏ.பி.எஸ். என்றோ பி.பி. என்றோ சிறு எழுத்துகள் அச்சாகியிருக்கக்கூடும். இல்லாவிட்டால் பெயின்ட் இல்லாத ஒரு சில்லை உடைத்து, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் போடுங்கள். பி.பி. எனப்படும் பாலிபுரொப்பிலீனின் அடர்த்தி ஏறக்குறைய 0.9, அது மிதக்கும். ஏ.பி.எஸ்.-இன் அடர்த்தி 1.04, அது மூழ்கும். சைடு பேனல்கள் பெரும்பாலும் மூழ்கும் வகை. லெகோ கட்டைகளும் 1963 முதல் இதே ஏ.பி.எஸ்.-இல்தான் செய்யப்படுகின்றன.

கெட்டியான இந்தப் பிளாஸ்டிக்குக்குள் கண்ணுக்குத் தெரியாத ரப்பர் துகள்கள் பரவிக் கிடக்கின்றன. அடி விழுந்தால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்பவை அவைதாம். வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றின் ஆக்சிஜனும் முதலில் தாக்குவதும் அவற்றைத்தான். ரப்பர் இறுகியதும் மேல்தோல் நொறுங்கத் தொடங்கும். பெயின்ட் உரிந்த இடத்தில் விரிசல் சீக்கிரம் வருவதற்கு இதுவே காரணம்.

விரிசலை ஒட்டுவதற்கு முன்னால் அதை நிறுத்த வேண்டும். 1913-இல் சார்லஸ் இங்லிஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். தகட்டில் உள்ள துளை எவ்வளவு கூர்மையாக முடிகிறதோ, அந்த நுனியில் விசை அவ்வளவு குவிகிறது. வட்டத் துளையின் விளிம்பில் அது 3 மடங்கு. ஊசி நுனி போன்ற விரிசலிலோ அதைவிடப் பல மடங்கு. ஆகவே விரிசல் முடியும் இடத்தில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் துளை போட்டால், கூர் மழுங்கி விரிசல் அங்கேயே நின்றுவிடும். பிளாஸ்டிக்கை ஓட்டை போட்டுக் காப்பாற்றும் இந்த வித்தை எனக்கு இன்னும் வியப்புதான். ஒன்று கவனியுங்கள்: கண்ணுக்குத் தெரியும் கோட்டுக்கு அப்பாலும் பேனல் வெளுத்திருக்கும். அந்த வெளுப்பு, வெளிச்சத்தைச் சிதறடிக்கும் நுண்ணிய வெடிப்புகளின் கூட்டம். துளை அதையும் தாண்டி விழ வேண்டும்.

இனி ஒட்டும் வேலை. உடைந்த ஏ.பி.எஸ். சில்லுகளை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு, அவை நனையும் அளவு அசிட்டோன் ஊற்றி மூடி வைத்தால், மறுநாள் இட்லி மாவுப் பதத்தில் கூழ் இருக்கும். விரிசலின் இரு ஓரங்களையும் சாய்வாகச் சுரண்டி, உட்பக்கத்திலிருந்து இந்தக் கூழை அடுக்கடுக்காகப் பூச வேண்டும். அசிட்டோன் ஆவியாகிப் போய்விடும், மிஞ்சுவது ஏ.பி.எஸ். மட்டுமே. அதாவது இங்கே பசை என்று தனியாக ஒன்று இல்லை. பிளாஸ்டிக் என்பது ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள். அசிட்டோன் அவற்றைத் தளர்த்தியதும், ஒவ்வொரு சங்கிலியும் மற்றவற்றின் நெரிசலுக்கு நடுவே தன் நீளவாக்கிலேயே பாம்பு போல நெளிந்து எல்லை தாண்டிப் போய் மறுபக்கத்துச் சங்கிலிகளோடு பின்னிக்கொள்கிறது. நெரிசலில் சங்கிலிகள் இப்படித்தான் நகர்கின்றன என்று 1971-இல் விளக்கிய பியர்-கில் தெ ஜென் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் 1991-இல் நோபல் பரிசு பெற்றார். ஓரிரு நாள் பொறுமையாகக் காயவிட்டால், அந்த இணைப்பு நன்றாகவே தாங்கும்.

அவசரத்துக்கு ஃபெவிக்விக் போடுவோரும் உண்டு. அந்தத் திரவம் இறுகுவதற்குக் காற்றின் ஈரமே போதும். கொல்கத்தாவின் மழைக்கால ஈரக்காற்றில் அது சட்டென்று பிடித்துக்கொள்ளும். இடைவெளி பெரிதாக இருந்தால் சமையல் சோடாவைத் தூவி அதன்மேல் ஒரு சொட்டு விட வேண்டும். காரத்தைத் தொட்டதும் அது சூடாகி நொடியில் கல்லாகிவிடும். ஆனால் கல் வளைந்து கொடுக்காது. வண்டியின் அதிர்வில் மறுபடி விட்டுப்போகும் என்பதால், பேனலை வண்டியோடு பிணைக்கும் முளை முறிந்திருந்தால் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். முளையை ஏ.பி.எஸ். கூழால் கட்டி எழுப்புவதே மேல். கூடவே, அது உட்காரும் ரப்பர் புஷ்ஷையும் மாற்றிவிடுங்கள். இறுகிப்போன புஷ்தான் பல முளைகளை முறிக்கிறது.

தண்ணீரில் மிதக்கும் பாலிபுரொப்பிலீனிடம் இந்தக் கூழும் ஃபெவிக்விக்கும் செல்லாது. வெறும் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட அதன் மேற்பரப்பில் எதுவும் பற்றுவதில்லை; அசிட்டோனும் அதைக் கரைக்காது. அதற்குச் சூடுதான் வழி. ஹல்தியாவின் பெட்ரோகெமிக்கல் ஆலையில் பெருமளவில் தயாராகும் இந்தப் பிளாஸ்டிக் சுமார் 160 டிகிரி செல்சியஸில் உருகும். முக்கோணத்துக்குள் 5 என்று அச்சிட்ட பார்சல் டப்பாவும் இதே இனம். டப்பாவைக் கீற்றாக வெட்டி, சால்டரிங் அயர்னால் விரிசலுக்குள் உருக்கி நிரப்பலாம். அயர்னை ஒரே இடத்தில் நிறுத்தினால் பிளாஸ்டிக் கருகிச் சத்தில்லாமல் போகும். நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும், உருகும் பிளாஸ்டிக்கின் புகை நுரையீரலுக்கு ஆகாது. எந்த வேலையானாலும் ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பிலிருந்து தள்ளிச் செய்யுங்கள்.

இந்த வைத்தியமெல்லாம் சைடு பேனலுக்கும் மட்கார்டுக்கும்தான். ஹெல்மெட்டின் பக்கம் அசிட்டோனைக் கொண்டு போகாதீர்கள். அது ஓட்டின் வலுவைக் கெடுத்துவிடும். வெளியே தெரியவும் தெரியாது. விரிசல் விட்ட ஹெல்மெட்டை ஒட்ட வேண்டாம், மாற்றிவிடுங்கள்.