பெல்ஜியம் மடாலய பீருக்கும் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கும் என்ன சம்பந்தம்?

கோவில்பட்டியைத் தாண்டிப் போகிறவர்கள் கையில் ஒரு கடலைமிட்டாய் பாக்கெட் இல்லாமல் ஊர் போய்ச் சேர மாட்டார்கள். 2020 ஏப்ரலில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சரி, பெயரைக் காப்பாற்ற ஒரு முத்திரை மட்டும் போதுமா? இதே கேள்விக்குப் பெல்ஜியத்தில் பீர் காய்ச்சும் துறவிகளிடம் ஒரு பதில் இருக்கிறது.

துறவிகள் ஏன் பீர் காய்ச்சினார்கள்?

கையால் உழைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்பது 6-ம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த விதி. சிலர் பாலாடைக்கட்டி செய்தார்கள், சிலர் பீர் காய்ச்சினார்கள். வெஸ்ட்மாலே மடத்தில் 1836-லும் சிமே மடத்தில் 1862-லும் தொடங்கிய வேலை இன்றும் நடக்கிறது.

ருசி எங்கிருந்து வருகிறது?

பாதி ஈஸ்ட், பாதி சர்க்கரை. கிராம்பு, வாழைப்பழம் போன்ற வாசனையைத் தருவது ஈஸ்ட்தான்; அதற்காகக் கிராம்பையோ பழத்தையோ போடுவதில்லை. ‘டுபெல்’ எனும் கருநிற வகைக்குக் கருக வைத்த ‘கேண்டி’ சர்க்கரை சேர்க்கிறார்கள். உலர்திராட்சை ருசி அதில் வருவதுதான். ‘கேண்டி’ என்ற சொல்லே நம்ம கற்கண்டுக்கு உறவுக்காரச் சொல்! ‘ட்ரிபெல்’ பொன்னிறம், வெஸ்ட்மாலே ட்ரிபெலில் ஆல்கஹால் 9.5 சதவீதம். பாட்டிலில் அடைத்த பிறகும் உள்ளே நொதித்தல் தொடரும்.

கடலைமிட்டாயிலும் சர்க்கரைப் பக்குவம்தான் எல்லாம். வெல்லப்பாகு ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, எடுத்துத் தட்டினால் ‘டங்’னு சத்தம் வரணும். கொஞ்சம் முந்தினால் பல்லில் ஒட்டும், பிந்தினால் கசக்கும்.

டிராப்பிஸ்ட், அபே: ரெண்டும் ஒன்றா?

இல்லை. ‘டிராப்பிஸ்ட்’ முத்திரை வேண்டுமென்றால் மடத்துச் சுவருக்குள், துறவிகளின் மேற்பார்வையில் காய்ச்ச வேண்டும். வருமானம் மடத்தின் செலவுக்கும் தர்மத்துக்கும் போக வேண்டும். 1997-ல் உருவான சர்வதேச டிராப்பிஸ்ட் சங்கம் இதைக் கவனிக்கிறது. ‘அபே பீர்’ என்றால் ஒரு மடத்தின் பெயரை உரிமம் வாங்கி ஆலையில் காய்ச்சினாலும் ஓகே. லெஃப் மடத்தின் பெயரில் வரும் பீர், லூவன் நகரில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் ஆலையில் தயாராகிறது. மடத்துக்கு ராயல்டி போகிறது.

ஆகெல் மடத்தில் 2021-ல் துறவிகள் யாரும் தங்கவில்லை. பீர் அதேதான், காய்ச்சிய இடமும் அதேதான். ஆனாலும் முத்திரை போய்விட்டது. இன்று பெல்ஜியத்தில் டிராப்பிஸ்ட் முத்திரை போட ஐந்து மடங்களுக்குத்தான் உரிமை.

கோவில்பட்டியின் முத்திரை எதைக் காக்கிறது?

தேர்ந்தெடுத்த இடங்களின் நிலக்கடலை, வெல்லம், தாமிரபரணித் தண்ணீர், செய்முறை: இவைதான் கோவில்பட்டி மிட்டாயின் அடையாளமாகப் பதிவாகியிருக்கின்றன. அதாவது ஊரும் பக்குவமும். செய்கிறவர் யார், லாபம் எங்கே போகிறது என்று டிராப்பிஸ்ட் போல இது கேட்பதில்லை.

போலியாகப் பெயரைப் போட்டால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது சட்டம். ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒவ்வொரு தயாரிப்பாளரும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பதிவை 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். குடிசைத் தொழிலாகச் செய்கிற சின்னக் கடைக்காரர் இந்தப் பதிவைச் செய்யாமல் விட்டால், அசல் மிட்டாயைச் செய்தாலும் முத்திரையைப் போட முடியாது.

நாம என்ன செய்யலாம்?

ஆன்லைனில் ‘கோவில்பட்டி’ என்று பார்த்ததும் ஆர்டர் போடாமல், பாக்கெட்டின் பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தயாரிப்பாளர் முகவரி எந்த ஊர், புவிசார் குறியீட்டு இலச்சினை இருக்கிறதா? இந்த இரண்டையும் பார்க்க அரை நிமிடம் போதும்.

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு.)